இட்டேரிச் சுமைதாங்கியை மறுபடி நிறுத்தினோம்

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே போகும் பழைய வண்டித்தடங்களில் மாதம் ஒரு ஞாயிறு நடப்பது எங்கள் குழுவின் வழக்கம். வழியில் தென்படும் கல், கிணறு, மேடை, சத்திரத்துச் சுவர் எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து, ஜிபிஎஸ் குறித்து ஏட்டில் ஏற்றுவோம். சில இடங்களில் குறிப்பெடுத்தால் போதும். சில இடங்களில் கை வைத்தே ஆக வேண்டியிருக்கிறது. நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே ஓர் இட்டேரியோரம், அதாவது இரண்டு பக்கமும் வேலி உள்ள மண்தடத்தோரம், சாய்ந்து கிடந்த சுமைதாங்கி அப்படி ஒன்று; தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல். அதை எப்படி நிறுத்தினோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். இதே மாதிரி கல் உங்கள் பக்கத்திலும் கிடக்கலாம்.

முதலில் வழியைப் பற்றிக் கொஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுக்கிற ஒரே பெரிய இடைவெளி இந்தக் கணவாய்தான். மேற்கே பழைய முசிறித் துறைமுகத்துக்கும் கிழக்கே கரூருக்கும் இடையில் சரக்கு போய்வர மலை ஏறாத பாதை இது. நொய்யல் கரைக் கொடுமணலில் மணி கோத்ததும் இரும்பு உருக்கியதும் அகழாய்வில் தெரிந்திருக்கிறது. வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. சுண்டக்காமுத்தூர் அருகே மலையடிவாரப் பாறையில் இந்த வழிக்கு ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயரே வெட்டி வைத்திருக்கிறார்கள். சோழ மன்னனை வாழ்த்தும் வெண்பா ஒன்றும் அதில் உண்டு; தமிழ் எழுத்தில் ஒருமுறை, மலைக்கு மேற்கேயும் வழங்கிய பழைய வட்டெழுத்தில் ஒருமுறை. இரண்டு பக்கத்து ஆட்களும் நடக்கிற வழி என்பதால்தான் இரண்டு எழுத்து என்று நான் நினைக்கிறேன்.

சுமைதாங்கிக்கு அவ்வளவு வயது கிடையாது. எங்கள் தடத்தில் இருப்பவை பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டுக் கற்கள். கர்ப்பத்திலோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டு வைப்பது. தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் அதை இறக்கி வைக்கலாம், மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் இதையே அத்தாணி என்பார்கள். காசும் மணியும் போன காலத்துக்கு இந்தக் கல் சாட்சி சொல்லாது. ஆனால் லாரி வருகிற வரைக்கும் இந்தத் தடத்தில் மனிதர் சுமையோடு நடந்தார்கள் என்பதற்கு இதைவிடக் கெட்டியான சாட்சி வேறில்லை. இதுவரை ஏட்டில் ஏற்றிய சுமைதாங்கிகளை வரைபடத்தில் கோடு போட்டுச் சேர்த்தால், ஊரின் தார்ச்சாலையை விட்டு விலகி, கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் பழைய தடம் தானாகத் தெரிகிறது.

அதனால்தான் கல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். கோயில் வாசலிலோ பூங்காவிலோ கொண்டுபோய் வைத்தால் கல் பிழைக்கும், வழி போய்விடும். தர்மபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாவற்றாவளம் என்ற ஊருக்குக் காதம் 29 என்று அதில் எழுதி (காதம் பழைய தூர அளவு), படிக்கத் தெரியாதவருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். எந்த இடத்திலிருந்து 29 காதம் என்பது தெரிகிற வரைக்கும்தான் அந்தக் குழிகளுக்குப் பொருள்.

சரி, எங்கள் கல்லுக்கு வருவோம். நிறுத்துக்கல் இரண்டு, மேலே ஒரு படுக்கைக்கல். பக்கத்தில் வாய்க்கால் வெட்டியதில் தரை முக்கால் அடி தாழ்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் கிழக்குக் கல்லின் காலடியை அரித்து, அதன் தலை ஒரு சாண் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. படுக்கைக்கல் நழுவி விழுந்து பாதி மண்ணில் புதைந்து கிடந்தது.

கை வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் உண்டு. நிலத்துக்காரர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் மூவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். படங்களோடு ஒரு கடிதம் தொல்லியல் துறைக்கும் அனுப்பினோம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் நம் போன்றவர்கள் தொடவே கூடாது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள சின்னமானால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. இது பட்டியலில் இல்லாத கல், அதனால் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. இன்னும் ஒருவர் சம்மதமும் தேவைப்பட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா முதல் நாளே வேலியோரம் வந்து நின்றார்.

“ஏந்தம்பி, கல்லக் கோயலுக்குக் கொண்டு போறீங்களா, இங்கயே நிறுத்தறீங்களா?”

“இங்கயேதானுங்க ஆத்தா.”

“அப்படின்னாச் சரி. எங்க மாமியா பருத்திப் பொதிய இதுலதான் எறக்குவாங்களாமா.”

அவர் சொன்னதைத் தேதியோடு ஏட்டில் எழுதிக்கொண்டோம். எங்கள் ஏட்டில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட வாய்ச்சொல்தான். கல்லில் இல்லாத சேதி அதில்தான் இருக்கிறது: எந்தச் சந்தைக்குப் போனார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், இருட்டினால் எங்கே தங்கினார்கள்.

முதல் வேலை படுக்கைக்கல்லைப் புரட்டுவது. நீளம் 6 அடி, அகலம் ஒன்றேகால் அடி, கனம் 9 அங்குலம். பெருக்கினால் ஐந்தரைக் கன அடிக்குக் கொஞ்சம் மேல். கருங்கல் கன அடிக்குச் சுமார் 76 கிலோ, ஆகவே ஏறத்தாழ 430 கிலோ. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பார்வைக்குச் சின்னக் கல்லாகத் தெரிவதால் ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்று யாராவது சொல்லுவார்கள். விரல் நசுங்குவது அப்படித்தான்.

சுற்றியிருந்த மண்ணைக் கையாலும் கரணையாலும் எடுத்தோம். எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத வரை கல்லருகே மண்வெட்டி போகக் கூடாது. பிறகு ஒரு முனையில் கடப்பாரை போட்டு இரண்டு அங்குலம் நெம்பி, கீழே மரக்கட்டை செருகி, மறுமுனைக்குப் போய் அதையே செய்தோம். கடப்பாரைக்கும் கல்லுக்கும் நடுவே எப்போதும் ஒரு பலகைத் துண்டு உண்டு. இல்லையென்றால் விளிம்பு சிதறும். நெம்புவதும் கட்டை வைப்பதுமாக மாறி மாறிப் போனால் எவ்வளவு கனமான கல்லும் அமைதியாக மேலே வரும். ஒருவர் குரலுக்குத்தான் மற்ற எல்லோரும் கட்டுப்பட வேண்டும். கல்லுக்கடியில் கை போகவே கூடாது. கட்டையைக் குச்சியால் தள்ளித்தான் செருக வேண்டும்.

புரட்டியதும் மண்ணுக்குள் இருந்த பக்கவாட்டு முகத்தில் எழுத்து தெரிந்தது. நான்கு வரி. மண்ணில் புதைந்திருந்ததால் வெயிலும் மழையும் படாமல் விளிம்புகள் கூர்மையாகவே இருந்தன. இந்த இடத்தில் அவசரப்படாமல், எழுத்தைத் தாளில் மை ஒற்றி மைப்படி எடுப்பதில் முழு நாளையும் செலவிட்டோம், அது சரியான முடிவு. மேலே ஏற்றிய பிறகு நின்றுகொண்டு செங்குத்து முகத்தில் இந்த வேலையைச் செய்வது இவ்வளவு எளிதில்லை.

மைப்படி எடுப்பது கஷ்டமான வித்தை இல்லை, பொறுமை வேண்டும். கல்லைத் தண்ணீரும் தென்னைநார்த் தூரிகையும் கொண்டு கழுவினோம். கம்பித் தூரிகை, அமிலம் இரண்டும் ஆகாது. எழுத்துக்குள் ஒட்டியிருந்த மண்ணை மூங்கில் சிம்பால் எடுத்தோம். பிறகு மேப்லித்தோ என்கிற அச்சுத் தாளை நனைத்துக் கல்லின் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழியைத் தள்ளிவிட்டு, கெட்டி மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். தாள் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கிப் படியும். கிழிகிற இடத்தில் ஈரத் தாள் துண்டை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் காத்திருப்பு. தாள் அதிகம் ஈரமாக இருந்தால் மை ஊறி எழுத்துக்குள் பரவிவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையைப் பஞ்சுப் பொதியில் தொட்டு, பலகையில் ஒற்றி அதிகப்படியை நீக்கிவிட்டு, லேசாக ஒற்றிக்கொண்டே போனோம். மேடு கறுக்கிறது, பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கிறது. ஒரே முறையில் கறுப்பாக்க முயலாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் போனால் ஓரம் தெளிவாக வரும்.

கல்லில் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாத இரண்டாம் வரி தாளில் முழுதாக வந்தது. ஈசுர வருஷம், தை மாதம், ஒரு பெண்ணின் பெயர், நட்டவர் பெயர், ‘உபயம்’. பெயர்களை இங்கே எழுதவில்லை; அந்தக் குடும்பத்தார் அதே பக்கத்தில் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்றில் ஈசுர வருஷம் 1877 சித்திரையிலும் பிறக்கும், 1937 சித்திரையிலும் பிறக்கும்; அதன் தை மாதம் 1878 அல்லது 1938 தொடக்கத்தில் விழும். 1878 என்றால் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இன்னும் முழுதாக ஓயாத நேரம். ஏட்டில் இரண்டு ஆண்டையும் எழுதியிருக்கிறோம். பஞ்சத்தோடு சேர்த்தால் கதை நன்றாக இருக்கும் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

தாளும் மையும் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு பக்கமாக மாற்றிப் படம் எடுங்கள். சாய்வெளிச்சத்தில் பள்ளம் நிழலாக எழும். விபூதி, சுண்ணாம்புத்தூள், மாவு எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். எனாமல் பெயிண்ட் அடிப்பது அதைவிட மோசம். எங்கள் தடத்தில் வேறொரு கல்லில் யாரோ ஆர்வத்தோடு பச்சை அடித்து எழுத்தின் மேல் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், அதுவும் தப்பாக வாசித்த எழுத்தை. இனி அந்தக் கல்லில் மஞ்சள் கோட்டைத்தான் படிக்க முடியும்.

அடுத்தது நிறுத்துக்கற்கள். எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்ற கேள்விக்குக் கல்லே பதில் வைத்திருந்தது. கிழக்குக் கல்லை முழுதாகத் தோண்டி எடுத்தபோது அடியிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில் ஒரு கோடு சுற்றிலும் ஓடியது. அதற்குக் கீழே கல் வெளிறி, ஓடைச்சுண்ணாம்பு படிந்து சொரசொரப்பாக இருந்தது. மேலே கறுத்து, பாசிப் படலம் ஏறியிருந்தது. பழைய தரைமட்டம் அதுதான். கல்லின் முழு நீளம் 7 அடி, ஆகவே தரைக்கு மேலே நான்கே முக்கால் அடி. படுக்கைக்கல்லின் 9 அங்குலத்தையும் சேர்த்தால் சுமை இறங்கும் மட்டம் ஐந்தரை அடி. நடுத்தர உயர மனிதர் தலையிலிருக்கும் மூட்டையைக் குனியாமல் முன்னால் சாய்த்துத் தள்ளிவிட இந்த உயரம்தான் தோது. இப்போதைய தாழ்ந்த தரையிலிருந்து கணக்கிட்டு ஊன்றியிருந்தால் முக்கால் அடி பள்ளத்தில் போயிருக்கும்.

ஆகவே முதலில் தரையைப் பழைய மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. வாய்க்கால் பக்கம் கலவை போடாமல் கற்களை மட்டும் பின்னி ஒரு தடுப்புக் கட்டினோம். தண்ணீர் கற்களுக்கு நடுவே கசிந்து வெளியேறும், சுவரைத் தள்ளாது. உள்ளே செம்மண்ணும் சரளையும் அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். மொத்த வேலையில் பார்க்க அழகில்லாத பகுதி இதுதான், கல் நிற்பதும் விழுவதும் இதில்தான் இருக்கிறது.

கிழக்குக் கல்லைக் குழியில் இறக்கி, தூக்குக்குண்டு கட்டி நான்கு பக்கமும் பார்த்தோம். மேற்குக் கல்லை அசைக்கவே இல்லை, நேராக நின்ற கல்லை எதற்குத் தொட வேண்டும். முட்டுக்கொடுத்து அப்படியே விட்டோம். இரண்டு தலையும் ஒரே மட்டமா என்பதற்கு டியூப் லெவல். கொத்தனார்கள் பிடிக்கிற அதே தண்ணீர்க் குழாய். குழியைச் சுற்றி உடைகல்லை இறுக்கி, இடையில் சுண்ணாம்புக் கலவை போட்டோம்: நன்கு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, செங்கல் தூள் 1 பங்கு, ஆற்றுமணல் 2 பங்கு, கடுக்காய்த் தண்ணீர் கொஞ்சம். ஈரச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கலவை இறுகுகிற வரை படுக்கைக்கல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை.

சிமெண்ட் ஏன் போடவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். கருங்கல்லுக்குச் சிமெண்டால் உடனே எந்தக் கேடும் வந்துவிடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கு யாராவது மறுபடி சரிசெய்ய வந்தால் சிமெண்டைப் பெயர்க்கும்போது கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயரும். சுண்ணாம்பு உளிக்கு இணங்கும். நமக்குப் பின்னால் வருகிறவருக்கும் வேலை செய்ய வழி விட்டுவைக்க வேண்டும்.

படுக்கைக்கல்லின் அடியில் இரண்டு குழிகள், நிறுத்துக்கற்களின் தலையில் அவற்றுக்கேற்ற முளைகள். கிழக்குக் கல்லின் முளை விழும்போதே உடைந்திருந்தது. துளை போட்டுக் கம்பி செருகலாம் என்றார் குழுவில் ஒருவர், அனுபவமுள்ள ஃபிட்டர். சாதாரண இரும்பு துருப்பிடித்து ஊதிக் கல்லைப் பிளந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்றுதான் சொன்னார். வெகுநேரம் பேசினோம். ஒரு முளை நன்றாக இருக்கிறது, 430 கிலோ எடை தானாக அழுத்துகிறது, இடிக்க வண்டியும் வராது. ஆகவே துளை வேண்டாம் என்று முடிவானது. அதற்குப் பதிலாக இரண்டு தலையிலும் மெல்லிய ஈயத் தகடு வைத்தோம். எடை ஏறியதும் ஈயம் நசுங்கி மேடுபள்ளத்துக்குள் புகுந்துகொள்ளும், கல் ஆடாது.

தூக்குவதற்கு போர்வெல் மோட்டார் எடுக்கிற முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பி) வாடகைக்குக் கிடைத்தன. முக்காலியின் மூன்று காலடியிலும் பலகை போட்டு, கால்கள் விரியாமல் சங்கிலியால் சுற்றிக் கட்டினோம். கல்லுக்குச் சங்கிலி போடவில்லை, அகலமான நைலான் பெல்ட் இரண்டு. பெல்ட் விளிம்பில் மடிகிற இடத்தில் சாக்கு. ஓர் அடி தூக்கி, அப்படியே நிறுத்தி, சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இறக்கி பெல்ட்டை ஒரு விரற்கடை நகர்த்தினோம். அதற்குப் பிறகு கல் மட்டமாகவே ஏறியது. முளைக்கு நேராக வந்ததும் இரண்டு பக்கமும் கயிறு பிடித்தவர்கள் லேசாகத் திருப்ப, செயினை ஒவ்வொரு கண்ணியாக விட்டோம். எழுத்து பாதையைப் பார்த்து அமர்ந்தது.

இறங்கிய கையோடு ஆத்தா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி மஞ்சளும் குங்குமமும் வைத்தார். படுக்கைக்கல்லின் மேல்முகத்தில் வைக்கட்டும், எழுத்துப் பக்கம் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். உடனே புரிந்துகொண்டார். வீட்டிலிருந்து ஒரு மூட்டையை வரவழைத்து, எங்களில் ஒருவர் தலையில் ஏற்றி, இறக்கிப் பார்க்கச் சொன்னவரும் அவரே. கையைத் தூக்காமல், கழுத்தைச் சாய்த்தவுடனே மூட்டை கல்லுக்கு வழுக்கிப் போனது. உயரக் கணக்கு சரிதான்.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தூக்குக்குண்டோடு போய்ப் பார்த்தோம். கிழக்குக் கல் அசையவில்லை. கல் தடுப்பின் மேல் வரிசையில் இரண்டு கற்கள் மட்டும் வாய்க்காலுக்குள் உருண்டிருந்தன, எடுத்து வைத்து ஆப்புக் கல் கொடுத்தோம். வாய்க்காலை இரண்டடி தள்ளி வெட்டித் தரும்படி ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.

அதே தடத்தில் அடுத்த சுமைதாங்கி முழுசாக நிற்கிறது, ஆனால் புதுக் கம்பிவேலி அதன் மேலேயே வரப்போகிறது. பிடுங்கிக் கோயில் முன்னால் வைத்துவிடலாமே என்கிறார் நிலத்துக்காரர். கல்லின் மேல் அக்கறை உள்ளவர்தான். வரைபடத்தை அவர் முன்னால் விரித்து, அவர் தோட்டத்து வழியாக ஓடும் கோட்டைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். கல் நிற்கிற இடத்தில் மட்டும் வேலியை மூன்றடி உள்வாங்கிப் போட ஆகும் கூடுதல் செலவைக் குழு ஏற்கும் என்று சொல்லியிருக்கிறோம். அடுத்த நடைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.